காதோடு சொன்ன எண்

நம்பர் ஐயா ஒரு நாள் மேடையில் தும்மினார். இரண்டு தும்மல். உடனே அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் கைப்பேசியை எடுத்து இரண்டாம் எண்ணின் மேல் பணத்தைக் கட்டினார்கள். அன்று சக்கரம் மூன்றில் நின்றது. கூட்டம் ஐயாவைக் கோபித்துக்கொண்டிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அட, போங்கள்! மூன்றாவது தும்மல் ஒன்று வந்ததாம். ஐயா அதைக் கைக்குட்டையால் அடக்கிவிட்டாராம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் தம் கண்ணாலேயே பார்த்தாராம். ஆகவே பிழை ஐயாவிடம் இல்லை, கைக்குட்டையிடம். மறுவாரமே பக்தகோடிகள் கூடி, கைக்குட்டை வைக்கப் பையே இல்லாத அங்கி ஒன்றை ஐயாவுக்குத் தைத்துப் போட்டார்கள். பை இல்லையே என்று ஐயா கவலைப்படவில்லை. அவருக்குப் பெட்டி இருந்தது.

சக்கரம் என்றால் என்னவென்று கேட்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அது கைப்பேசிக்குள் சுற்றும் சூதாட்டம். பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்கள். தினமும் மாலை ஏழு மணிக்குச் சுற்றும், ஏதாவது ஓர் எண்ணில் நிற்கும். அந்த எண்ணில் கட்டியவனுக்கு எட்டு மடங்கு. பத்து எண்களுக்கு ஏன் எட்டு மடங்கு, மீதி இரண்டு எந்த வீட்டுக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க நேரமேது? மணி ஏழாகிவிடும்.

நம்பர் ஐயாவின் அருளகம் முன்பு செருப்புக் கடையாக இருந்த கட்டடம். ஜோடி ஜோடியாகச் செருப்பு அடுக்கிய சாய்வான பலகைகள் இன்னும் சுவரில் இருந்தன. இப்போது அவற்றில் ஐயாவின் படங்கள் அடுக்கப்பட்டிருந்தன. முன்வாசலில் ஒரு பலகை: 'எண் வேண்டுவோர்.' பக்கவாசலில் இன்னொரு பலகை: 'சூது நிறுத்த வேண்டுவோர்.' முன்வாசலில் ஆண்கள் நின்றார்கள். பக்கவாசலில் அவர்களுடைய மனைவிமார்களும் அம்மாக்களும் நின்றார்கள். நோயும் மருந்தும் ஒரே கடையில். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரே காணிக்கைப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் வாய்.

முன்வாசல் முறை இப்படி. படுதாவுக்குப் பின்னால் ஒருவர் ஒருவராகப் போக வேண்டும். ஐயா கண்ணை மூடுவார். பிறகு குனிந்து காதோடு காதாக ஓர் எண்ணைச் சொல்வார். "சொல்லிடாதே. வெளியில சொன்னா எண் செத்துரும்" என்று எச்சரித்து அனுப்புவார். எண் பலித்தால் அது ஐயாவின் அருள். பலிக்காவிட்டால் நீ யாரிடமோ உளறியிருக்கிறாய், அல்லது மனத்தின் மூலையில் சந்தேகப்பட்டிருக்கிறாய். காதில் பூச்சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காதில் எண் சுற்றியவரை இங்கேதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சாட்சி நேரம். பலித்தவர்கள் மேடை ஏறி மைக்கைப் பிடிக்கலாம். முட்டைக் கடைக்காரர் ஒருவர் வாராவாரம் ஏறினார். "ஐயா சொன்னாரு, கட்டினேன், அடிச்சேன்!" என்று கையை உயர்த்துவார். அரங்கம் அதிரும். அவர் அடித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் எப்போதோ. அதற்குப் பிறகு தோற்றதையெல்லாம் அவர் மேடையில் சொன்னதில்லை. தோற்றவர்களுக்கு மைக் கிடையாது.

இந்தக் கூட்டத்தில் ஒரு சலூன்காரரும் இருந்தார். கை பட்டால் தூக்கம் வரும், அப்படி ஒரு வேலைக்காரர். அவருடைய கடையில் மூன்று சுழல் நாற்காலிகள் இருந்தன. முதல் நாற்காலி காணாமல் போனபோது "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றார். இரண்டாவது போனபோது "ஒருத்தர் வாடகைக்கு வாங்கிட்டுப் போயிருக்காரு" என்றார். முடிவெட்டும் நாற்காலியை வாடகைக்கு வாங்கிப்போய் என்ன செய்வார்கள் என்று கேட்டால் எரிந்து விழுந்தார். சுவரில் மட்டும் மூன்று கண்ணாடிகளும் அப்படியே இருந்தன. காத்திருப்பவர்கள் வெறுந்தரையில் நின்று அவற்றில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவருடைய மனைவியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியும். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் தொடங்கினால் ஓடுகிறவன் நிற்பான், நிற்கிறவன் ஓடுவான். மூன்றாம் நடைமேடை என்றால் மூட்டை முடிச்சோடு மூன்றுக்குப் போவார்கள். "மாற்றப்பட்டுள்ளது, ஐந்து" என்றால் முணுமுணுத்துக்கொண்டே ஐந்துக்குப் போவார்கள். ஏன் என்று ஒருவனும் கேட்டதில்லை. ஊர் அவரை மைக் அக்கா என்றது.

ஊரையே நடைமேடை மாற்றி நிறுத்திய மைக் அக்காவால் வீட்டில் ஒருவரை நிறுத்த முடியவில்லை.

"விட்டதை மட்டும் எடுத்துட்டா போதும். அதோட தலைமுழுகிடுவேன்" என்றார் சலூன்காரர்.

"இதையேதான் முதல் நாற்காலி போனப்பவும் சொன்னீங்க."

"அப்போ எனக்கு ஐயாவைத் தெரியாதே!"

சலூன்காரரின் அக்காவுக்கு, அதாவது மைக் அக்காவின் நாத்தனாருக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான். "என் தம்பி தங்கம். அவனைச் சூதுப்பேய் பிடிச்சிருக்கு. வா, ஐயாகிட்ட கயிறு வாங்கிட்டு வருவோம்."

"அதே ஐயாகிட்டயா அண்ணி?"

"பிடிச்சது எதுன்னு தெரிஞ்சவருக்குத்தானே விடுவிக்கவும் தெரியும்?"

தன் கையால் பூட்டை உடைத்தவனிடமே புதுப் பூட்டு வாங்குவதைப் போன்ற யோசனைதான். ஆனால் மூன்றாவது நாற்காலியும் போய்விடுமோ என்ற பயத்தில் இருந்தவருக்கு எந்தக் கிளை கைக்கு வந்தாலும் பிடிக்கத் தோன்றும். மைக் அக்கா பக்கவாசலில் நின்றார், காணிக்கை போட்டார், கறுப்புக் கயிற்றை வாங்கினார். கணவர் அசந்து தூங்கும்போது மணிக்கட்டில் கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டினார்.

மறுநாள் சலூன்காரர் அருளகத்திலிருந்து திரும்பி வந்தபோது கையில் கயிறு இல்லை.

"கயிறு எங்கங்க?"

"ஐயா அவுக்கச் சொல்லிட்டாரு. உடம்புல கயிறு இருந்தா எண் ஏறாதாம்."

"எந்த ஐயா?"

"எந்த ஐயான்னா? நம்ம ஐயாதான்!"

மைக் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கவாசலில் காசு வாங்கிக்கொண்டு கட்டச் சொன்ன கயிற்றை, முன்வாசலில் காசு வாங்கிக்கொண்டு அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நாத்தனாரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். நாத்தனார் கொஞ்சமும் அசையவில்லை.

"அது வேற வாசல்மா. இது வேற வாசல். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

அன்று பேருந்து நிலையத்தில் மைக் அக்கா வழக்கம்போல அறிவிப்புகளை வாசித்தார். பிக்பாக்கெட் ஜாக்கிரதை. புகை பிடிக்கத் தடை. அதற்கடுத்து மருத்துவமனை கொடுத்திருந்த ஓர் அறிவிப்பு: 'சூதாட்டத்தை நிறுத்த நினைத்தும் முடியவில்லையா? வீட்டாரிடம் மறைக்கிறீர்களா? பொது மருத்துவமனையில் இலவச ஆலோசனை உண்டு. குடும்பத்தினரும் வரலாம்.' பல மாதங்களாக அதை ஒரு நாளைக்குப் பல முறை வாசித்திருக்கிறார். அவர் குரலை ஊரே கேட்டது, அவர் மட்டும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. வாசித்து முடித்து, மைக்கை அணைத்து, விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆலோசகரின் அறை எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆலோசகர் வயதான ஓர் அம்மா, மூக்கடைப்பு வேறு. அவர் கண்ணை மூடவில்லை, காதில் எதுவும் ஓதவில்லை. கேள்விதான் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாம பொருள் எதையாவது வித்திருக்காரா?"

"ரெண்டு நாற்காலி."

"விட்டதைப் பிடிக்கணும்னே திரும்பத் திரும்ப ஆடுறாரா?"

"தினமும் அதைத்தான் சொல்றாரு."

"கேட்டா கோபம் வருதா?"

"முன்னெல்லாம் அவருக்குக் கோபமே வராதும்மா. இப்போ ஏழு மணிக்கு முன்னாடியும் பேச முடியல, பின்னாடியும் பேச முடியல."

"நிறுத்திட்டேன்னு சொல்லி, மறுபடி போயிருக்காரா?"

மைக் முன்னால் ஒரு நாளும் தடுமாறாத குரல் அங்கே உடைந்தது. மைக் அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மெல்லக் கேட்டார். "பேய் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்களே?"

"பேய்னா விரட்டிடலாமே, வேலை சுலபம். இது மனசு மாட்டிக்கிட்ட பழக்கம்மா. அவரைக் கெட்டவர்னு நினைக்காதீங்க, அதுக்காக அவர் வாங்குற கடனையும் நீங்க அடைக்காதீங்க. அடைச்சா அடுத்த ஆட்டத்துக்கு இடம் பண்ணிக் கொடுத்த மாதிரி. கார்டு, பாஸ்வேர்டு எல்லாம் அவர் சம்மதத்தோட உங்க கையில இருக்கட்டும். அவர் இங்க வரட்டும். இதே மாதிரி மாட்டி மீண்டவங்க வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து பேசுறாங்க. அவங்களோட உட்காரட்டும்."

"வரமாட்டாரும்மா. ஐயா கைவிடமாட்டாருன்னு இருக்காரு."

ஆலோசகர் மூக்கைச் சிந்தினார். "அப்போ அந்த ஐயாவைத் திட்டாதீங்க. திட்டினா இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்குவாரு. அவர் கண்ணாலேயே பாக்குற மாதிரி ஏதாவது பண்ணுங்க."

கண்ணால் பார்க்கிற மாதிரி. மைக் அக்கா அதையே யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று கணவரிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏங்க, ஐயா சொல்ற எண் பலிக்கும்னா, அரங்கமே ஜெயிக்கணுமே? ஏன் எப்பவும் ஒருத்தர் ரெண்டு பேர்தான் மேடையேறுறாங்க?"

"மத்தவங்க சந்தேகப்பட்டிருப்பாங்க."

"நீங்க?"

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் ஒரு சொட்டு இருந்திருக்கும் போல."

பாருங்கள், ஏமாந்தவன் தானே குற்றவாளிக் கூண்டில் ஏறிக்கொள்கிறான். ஏமாற்றியவனுக்கு வக்கீல் செலவுகூட இல்லை.

"சரி, உங்களுக்கு நேத்து சொன்ன எண் என்ன?"

"சொன்னா செத்துரும்!" என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்டம் முடிந்துபோன நேற்றைய எண் அது. அதற்கு இன்னும் என்ன சாவு என்று மைக் அக்காவுக்குப் புரியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். மகா எண் நாள்! வரும் ஞாயிறு, ஐயா மகா எண்ணை அருளுகிறார். இதுவரை விட்டதெல்லாம் ஒரே சுற்றில் திரும்பும். காணிக்கை மட்டும் இருமடங்கு. மகா எண்ணுக்கு மகா பெட்டி வேண்டாமா?

சலூன்காரர் அன்றே மூன்றாவது நாற்காலிக்கு ஆள் பார்த்துவிட்டார். புதிதாகச் சலூன் திறக்கப்போகிற ஒருவர் முழுப் பணத்தையும் கைப்பேசியில் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை வண்டியோடு வருவார். மைக் அக்கா அழுதார், கத்தினார். சலூன்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கிழமை மூணு நாற்காலியும் திரும்பி வந்துரும். பாரு." நாற்காலி போனால் கடை இல்லை. கடை போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் முடியவில்லை, அதுதான் கொடுமை.

அதே வாரம் ஐயாவின் மைக் ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மகா கூட்டம் வரப்போகிறது, ஒழுங்குபடுத்த ஒரு குரல் வேண்டும். "ஐயா, என் சம்சாரம் பேருந்து நிலைய மைக்குங்க" என்று சலூன்காரர் பெருமையாகச் சொன்னார். ஐயாவின் கண் மின்னியது. ஊரே கட்டுப்படுகிற குரல் தம் புகழைப் பாடினால் எப்படி இருக்கும்! "கூட்டிட்டு வாப்பா" என்றார். அந்த ஒரு ஆசையைத்தான் ஐயா அடக்கியிருக்க வேண்டும். கைக்குட்டையும் இல்லாமல் போயிற்று.

மைக் அக்கா உடனே ஒப்புக்கொண்டார். நாத்தனாருக்கு ஆனந்தக் கண்ணீர். "இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்று பக்கவாசலில் போய் நின்றுகொண்டார். அங்கேயும் அன்று மகா கயிறு.

ஞாயிறு மதியத்திலிருந்து அரங்கம் பிதுங்கியது. ஒவ்வொருவராகப் படுதாவுக்குள் போனார்கள், காதைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் தனக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தின் பூரிப்பு. பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து ஒரு பரிதாபம் வேறு. சலூன்காரரும் போய்வந்தார். கைப்பேசியில் நாற்காலிப் பணம் தயாராக இருந்தது. ஏழடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் கட்ட வேண்டும் என்பது ஐயாவின் கட்டளை. ஐயா அங்கியைச் சரிசெய்துகொண்டு படுதாவுக்குள்ளேயே இளைப்பாறினார். காதோடு பேசிப் பேசி முதுகு வலித்திருக்கும், பாவம்.

மைக் அக்கா மேடை ஏறினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

அரங்கம் சட்டென்று அமைதியானது. இரண்டு பேர் பழக்கத்தில் பையைக்கூடத் தூக்கிக்கொண்டார்கள்.

"பூஜ்யம் எண் பெற்ற பயணிகள், மேடைக்கு இடதுபுறம் முதல் தூணருகே வரிசையாக நிற்கவும். ஒன்றாம் எண் பெற்ற பயணிகள், அதற்கு அடுத்த மின்விசிறியின் கீழ் வரிசையாக நிற்கவும். இரண்டாம் எண் பெற்ற பயணிகள்..."

"ஐயையோ! சொன்னா செத்துருமே!" என்று முட்டைக் கடைக்காரர் கூவினார்.

மைக் அக்காவின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. "எண்ணை யாரும் வாயால் சொல்ல வேண்டாம். நின்றால் போதும். ஐயா தடை விதித்திருப்பது நாக்குக்கு மட்டுமே. காலுக்குத் தடை இல்லை. மீண்டும் அறிவிக்கிறேன். காலுக்குத் தடை இல்லை."

நியாயமாகத்தான் பட்டது. அதற்கு மேல் அந்தக் குரலை எதிர்த்து யாருக்குப் பழக்கம்? கூட்டம் கலைந்தது, கலந்தது, முட்டி மோதியது, "சார், எட்டு எங்க நிக்குது?" என்று சைகையில் கேட்டது, முடிவில் வரிசை வரிசையாக நின்றது. முட்டைக் கடைக்காரர் நாலில் நின்றார். சலூன்காரர் ஏழில் நின்றார்.

பத்து வரிசை. ஒன்றுக்கொன்று அளந்து வைத்ததுபோல் ஒரே நீளம்.

முதலில் ஒவ்வொரு வரிசையும் சந்தோஷப்பட்டது. 'அடே, என் எண்ணே இத்தனை பேருக்குக் கிடைச்சிருக்கு!' பிறகு ஒவ்வொருவராகப் பக்கத்து வரிசையைப் பார்த்தார்கள். அப்புறம் அதற்குப் பக்கத்து வரிசையை. இரண்டாம் வரிசையில் நின்ற அண்ணன் எட்டாம் வரிசையில் நின்ற தம்பியைக் கண்டுபிடித்தான்.

"ஏன்டா, நீ ஏன் அங்க நிக்கிற?"

"நீ ஏன் அங்க நிக்கிற?"

அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது நல்ல முணுமுணுப்பு இல்லை. படுதா விலகியது. ஐயா வெளியே வந்தார், பத்து வரிசையையும் பார்த்தார், வந்த வேகத்தில் பாதிப் புன்னகையை விழுங்கினார்.

"என்னம்மா இது?"

"கூட்டத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னீங்களே ஐயா. படுத்திட்டேன்."

ஐயா கையை உயர்த்தினார். "அன்பர்களே, கலங்காதீங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கிரகம், ஒவ்வொரு பலன். அவரவர்க்கு அவரவர் எண்!"

சில தலைகள் ஆடத் தொடங்கின. ஆடிப் பழகிய தலைகள்தானே.

"சரிங்கய்யா" என்றார் மைக் அக்கா. "ஆளுக்கொரு எண். ஆனா சக்கரம் ஒண்ணுதானே? ஆளுக்கொரு சக்கரமா சுத்துது?"

ஆடிய தலைகள் நின்றன.

"இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். சக்கரம் சுத்தப்போகுது. உங்களுக்குத்தான் முக்காலமும் தெரியுமே. அந்தக் காணிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நீங்களும் ஏதாவது ஒரு வரிசையில வந்து நில்லுங்க. எந்த வரிசைன்னு நீங்களே சொல்லுங்க. அந்த எண்ணுல பெட்டியில இருக்குற மொத்தத்தையும் கட்டுவோம். நாங்க எல்லாரும் உங்க பின்னாடி வந்து நிக்கிறோம்."

பத்து வரிசையும் ஐயாவைப் பார்த்தது. ஐயா பெட்டியைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கக் கைக்குட்டை இல்லை. அங்கியின் நுனியால் துடைத்துக்கொண்டே, யோசிக்காமல் ஒரு வார்த்தை சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"நான் சூதாடுறதில்லம்மா."

அந்த அரங்கத்திலேயே சூதாடாத ஒரே மனிதர், சூதாட எண் கொடுத்தவர்.

"ஏன் ஐயா ஆடுறதில்ல?" ஏழாம் வரிசையிலிருந்து ஒரு குரல். சலூன்காரரின் குரல். கோபமாக இல்லை, அழுகைபோல் இருந்தது. "தெரிஞ்சவரு நீங்க. நீங்க ஏன் ஆடுறதில்ல? நான் மூணு நாற்காலியை வித்துட்டேன் ஐயா."

ஐயா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பெட்டியை அணைத்துக்கொண்டு பக்கவாசல் வழியாகப் பாய்ந்தார். அங்கேதான் மனைவிமார்களும் அம்மாக்களும் கையில் மகா கயிற்றோடு நின்றிருந்தார்கள். ஒலிபெருக்கி அவர்களுக்கும் கேட்டிருந்தது. முன்னால் நின்றவர் நாத்தனார்.

"வேற வாசல்னு நினைச்சேனே, பாவி!" என்று ஐயாவின் கையைப் பிடித்தார். "கயிறு கட்டினா வெறி அடங்கும்னியே. உனக்குப் பணம் பிடுங்குற வெறி. நீட்டுய்யா கையை!"

ஆளுக்கொன்றாகக் கட்டினார்கள். யாரோ தகவல் சொல்லிக் காவலர்கள் வந்தபோது ஐயாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை கறுப்பாக இருந்தன. விலங்கு மாட்ட இடம் தேட வேண்டியிருந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. மோசடி அம்பலமானது, மக்கள் விழித்தார்கள், சுபம். ஆனால் சலூன்காரர் ஏழாம் வரிசை நின்ற இடத்திலேயே இன்னும் நின்றிருந்தார். கையில் கைப்பேசி. திரையில் ஏழாம் எண். ஐயா புளுகன் என்று அவருக்கு இப்போது தெரியும். ஏழுக்கும் ஐயாவுக்கும் சம்பந்தமில்லை என்றும் தெரியும். அப்படியும் அவருடைய கட்டைவிரல் திரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மைக் அக்கா அருகே வந்தார். கைப்பேசியைப் பிடுங்கவில்லை.

"ஒருவேளை ஏழு வந்துட்டா?" என்று கேட்டார் சலூன்காரர். கேட்டுவிட்டுத் தாமே பயந்துபோனார். "பாரு. இன்னமும் கேக்குறேன். அவன் போயிட்டான், நான் இன்னமும் கேக்குறேன்." கைப்பேசியை மனைவியின் கையில் வைத்தார். "இதை வாங்கிக்கோம்மா. என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் அவர் பேசிய மிகத் தைரியமான பேச்சு அதுதான் என்பேன். மைக் அக்கா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள்.

ஏழு மணிக்குச் சக்கரம் சுற்றியது. நாலில் நின்றது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! ஐயா எனக்குச் சொன்னது நாலு!" என்று முட்டைக் கடைக்காரர் குதித்தார். "அநியாயமா ஒரு மகானைப் பிடிச்சுக் கொடுத்துட்டீங்களே!" நாலாம் வரிசை முழுதும் அவரோடு சேர்ந்து குதித்தது. மீதி ஒன்பது வரிசை அவர்களைப் பொறாமையோடு பார்த்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை நாற்காலி வாங்க வண்டி வந்தது. மைக் அக்கா பணத்தைத் திருப்பி அனுப்பி, மன்னிப்புக் கேட்டு, வண்டிக்காரரை அனுப்பிவைத்தார். பிறகு இருவரும் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறைக்குப் போனார்கள். அன்றோடு சலூன்காரர் திருந்திவிட்டார் என்று எழுதினால் நானும் நம்பர் ஐயாதான். அப்படியெல்லாம் ஆகவில்லை. இடையில் ஒரு முறை நண்பர் ஒருவரின் கைப்பேசியை இரவல் வாங்கி ஆடிவிட்டார். ஆனால் இந்தத் தடவை தாமே வந்து சொன்னார். ஆலோசகர் அதற்கே பாராட்டினார். வாரம் ஒரு நாள் மற்றவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். மாலை ஏழு மணிக்கென்றே வாடிக்கையாளர்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறார். அப்போது இரண்டு கையிலும் வேலை இருக்கும். நாத்தனார் கயிறு கட்டுவதை விட்டுவிட்டு, தம்பியைக் கூட்டத்துக்கு அழைத்துப்போய் வெளியே காத்திருக்கிறார்.

சில நாள் கழித்து முட்டைக் கடைக்காரர் முடிவெட்டிக்கொள்ள வந்தார். கடையில் இருந்த ஒரே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா போனது போச்சுப்பா. இப்போ புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. காதுல சொல்றதெல்லாம் இல்ல. நேரா கனவுலயே வந்து எண் சொல்றாராம். முன்பணம் கட்டிட்டுத் தூங்கினா போதும். போவோமா?"

சலூன்காரரின் கத்தரி ஒரு கணம் நின்றது. பிறகு அவர் முட்டைக் கடைக்காரரின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, நேராக நிமிர்த்தி, கண்ணாடியைப் பார்க்க வைத்தார்.

"அண்ணே, தலைக்கு வெளியில இருக்குறதை நான் பாத்துக்குறேன். உள்ள இருக்குறதை நீங்கதான் பயன்படுத்தணும்."